பெண்கள் ஐக்கிய சங்கம்: 2024-ஆம் ஆண்டறிக்கை

சேகர குரு ஐயரவர்களுக்கும், தலைவி அம்மா அவர்களுக்கும், சங்கச் சகோதரிகளுக்கும் ஆண்டவரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

இந்த ஆண்டு எந்த நிலையில் தொடங்கியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு வந்து, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பிசான நெற்பயிரை மணலால் மூடியது. குலை தள்ளிய வாழையெல்லாம் சாய்ந்தது.

ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி எடுத்து வைக்கிற பிடியரிசியை, வழக்கம்போல விற்றுக் காசாக்காமல், ஜனவரியிலேயே கூலிவேலை இழந்த வீடுகளுக்கு அப்படியே கொடுத்துவிட்டோம். யார் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடி ஊரார் சமைத்துப் போட்டதை நாடே பார்த்தது. அதோடு ஒப்பிட்டால் நாம் செய்தது சிறிதுதான்.

விளைச்சலின் முதற்பலனைக் கோயிலில் படைத்து நன்றி சொல்லும் பண்டிகையைப் பற்றிப் பேசிய பிப்ரவரிக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "அறுப்பே இல்லை, அப்புறம் என்ன அறுப்பின் பண்டிகை?" என்று கேட்டார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் வயலில் அப்போதும் மணல்தான் கிடந்தது. அன்று ஆபகூக் 3-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். அத்திமரம் துளிர்விடாமல், வயல் தானியம் விளைவிக்காமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று தீர்க்கதரிசி சொல்லும் இடம். மூட்டையை எண்ணிப் பார்த்துச் சொல்கிற நன்றி, விளையாத வருஷத்தில் நின்றுபோகும். ஆகவே பண்டிகையை நடத்துவதென்று தீர்மானித்தோம். கேட்ட சகோதரியும் கை தூக்கினார்.

மார்ச்சில் பீடத்தின் முன் நெல்மூட்டையும் வாழைத்தாரும் இல்லை. முருங்கைக்காய், நாட்டுக்கோழி முட்டை, கருப்பட்டி, பனங்கிழங்கு வந்தன. ஆற்றங்கரையிலிருந்து ஒரு பாட்டி, வெள்ளத்தில் நனைந்து மூட்டைக்குள்ளேயே முளைத்துப்போன விதைநெல்லை ஓலைக் கொட்டானில் கொண்டுவந்தார். முளைகள் காய்ந்து, பழுப்பேறி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு, "உயிர் இருந்ததாலதானம்மா முளைச்சிருக்கு" என்றார். ஐயரவர்கள் அதை மற்றக் காணிக்கைகளைப்போல ஏலத்துக்கு விடாமல் பீடத்திலேயே வைத்து ஜெபித்தார். நம் கோயிலில் இதைவிடப் பெரிய முதற்பலனை நான் பார்த்ததில்லை.

சபையார் கூடி உண்ணும் அசன விருந்து எளிமையாக நடந்தது. வாழையிலை கிடைக்காததால் தையல் இலையில் பரிமாறினோம். கையெச்சில் படாமல் மீந்த சோற்றையும் குழம்பையும் கெடுவதற்குள் செங்கல்சூளை வீடுகளுக்கு அனுப்பிவிட்டோம். ஆனாலும் இலைகளில் மிச்சம் இருந்தது எனக்கு வருத்தம். ஐயாயிரம் பேருக்குப் பந்தி வைத்த ஆண்டவரே மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். வேண்டிய அளவு கேட்டு வாங்கிச் சாப்பிட நம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

வெள்ளத்தில் நம் பனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கண்டுதான் பனம்பழம் உதிர்ந்த பருவத்தில் கொட்டைகளைப் பொறுக்கி, வாலிபர்களோடு சேர்ந்து குளக்கரையில் விதைத்தோம். இவற்றில் பதநீர் இறக்கப் பதினைந்து வருஷமாவது ஆகும். இன்று நாம் குடிப்பதும் தாத்தாமார் விட்டுப்போன மரங்களின் பதநீர்தான். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததை, பனையை விறகுக்கு வாங்கும் சூளைக்காரர்களிடமும் எடுத்துச் சொன்னோம்.

வேதபாட வகுப்பும் நோயாளி சந்திப்பும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் பண்டிகைக்குச் செயற்குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. வயலின் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அதன்படி, காணிக்கையாக வரும் புதுநெல்லில் ஒரு பங்கை ஏலம் விடாமல், வயலில் இன்னும் மணல் அள்ளி முடிக்காத வீடுகளுக்கு விதைநெல்லாகக் கொடுக்க வேண்டும். சபையார் இதை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு, அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்