பத்து புத்தகம் லிஸ்ட் போட்டீங்க, படிச்சவங்க வேலையில என்ன மாறுச்சுன்னும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல தலைமைப்பண்பு வளர்க்க படிக்க வேண்டிய 10 புத்தகம்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. அத கத்தரிச்சு பீரோவுல ஒட்டி வச்சிருக்கேன், அந்த அளவுக்கு எனக்கு இந்த விசயத்துல ஆர்வம். ஆனா ஒரு குறை சொல்லியே ஆகணும். பத்துக்கும் அட்டைப்படம் இருக்கு, விலை இருக்கு, எழுதினவரு எந்த கம்பெனிக்கு தலைவர்னு இருக்கு, அதுல ஒண்ணையாவது படிச்ச ஒரு ஆளு மறுநாள் வேலைக்குப் போயி என்ன பண்ணாரு, என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. எனக்கு வேண்டியது அதுதானுங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசர். 11 வருசம் ஓவர்லாக் டைலரா இருந்தேன், நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்குறப்ப, "திங்கக்கிழமைல இருந்து நீதாம்மா அந்த லைனப் பாத்துக்கோணும்"னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான் எனக்குக் கிடைச்ச ட்ரெய்னிங். லைன்ல 34 பேரு. முந்தின நாள் வரைக்கும் கூட உக்காந்து சோறு தின்னவங்க. அதுல பாதிப் பேரு என்னைவிட வயசுல மூத்த அக்காங்க. அவங்கள எப்படி வேலை வாங்கறதுன்னு யாரும் சொல்லித்தரல, எனக்கு முன்னாடி இருந்த சூப்பர்வைசருங்க எல்லாம் சத்தம் போட்டே வேலை வாங்கினதால நானும் சத்தம் போட ஆரம்பிச்சேன்.

அப்ப கருப்பு டீசர்ட் ஒரு லாட் ஓடுச்சு. தோள்பட்டை ஜாயிண்ட் பண்ற ஒரு அக்காவோட பீஸ் மட்டும் செக்கிங்ல இருந்து திரும்பித் திரும்பி ஆல்டருக்கு, அதாவது பிரிச்சு மறுபடி தைக்க, வந்துட்டே இருந்துச்சு. ரெண்டு துணியில ஒண்ணு ஊசிக்குச் சிக்காம நழுவிடும், அந்த இடத்துல தையல் விட்டு ஓட்டை தெரியும். மூணாவது பண்டல் திரும்பி வந்தப்ப நான் மொத்த லைனும் பாக்க அந்த பீஸ அவங்க டேபிள் மேல போட்டு "கண்ணு தெரியலையா அக்கா"ன்னு கத்திட்டேன். அவங்க ஒரு வார்த்தை பேசல, மெஷின ஆஃப் பண்ணிட்டு டிபன் பாக்ஸ எடுத்துட்டுப் போனவங்க மூணு நாள் வேலைக்கே வரல. அந்த மூணு நாளும் எனக்குத் தூக்கம் வரல.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தரு எல்ஐசி ஏஜெண்ட், அவருதான் டேல் கார்னகி எழுதின, நண்பர்களைச் சம்பாதிக்கிறதப் பத்தின புத்தகத்தோட தமிழ் மொழிபெயர்ப்பக் கொடுத்தாரு. 1936ல அமெரிக்காவுல வந்த புத்தகம், அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சுட்டேதான் படிச்சேன். அதுல ரெண்டு விசயம் மனசுல நின்னுச்சு. உத்தரவு போடறதுக்குப் பதிலா கேள்வி கேளுங்கறது ஒண்ணு, அடுத்தவங்க முன்னாடி ஒருத்தரோட மானத்த வாங்காதேங்கறது இன்னொண்ணு.

அந்த அக்கா வீட்டுக்கே போயி மன்னிப்பு கேட்டு கூட்டிட்டு வந்தேன். அன்னைக்கு டீ டைம்ல ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு அவங்க மெஷின் பக்கத்துல உக்காந்து "அக்கா, இந்த கருப்புல மட்டும் என்ன தொந்தரவுங்கக்கா"ன்னு கேட்டேன். அவங்க பதில் சொல்லாம எந்திரிச்சு, என்னை அவங்க சீட்டுல உக்கார வச்சு தைக்கச் சொன்னாங்க. தைக்கக் குனிஞ்சேன், ஊசி விழுற இடமே தெரியல! மேல இருந்த டியூப்லைட் ஒரு முனை கருத்துப்போயி அரைகுறையா எரிஞ்சுட்டு இருக்கு, கருப்புத் துணி, கருப்பு நூலு, அதுக்கு மேல நம்ம தலையோட நிழல் வேற. வெள்ளை லாட் ஓடினப்ப யாருக்கும் தெரியல, கருப்பு வந்ததும் மாட்டிக்கிச்சு. எலக்ட்ரீசியன் தம்பியக் கூப்பிட்டு லைட்ட மாத்தினேன், மதியத்துக்கு மேல அவங்க பண்டல் ஒண்ணு கூட திரும்பி வரல. கண்ணு தெரியலையான்னு நான் யாரப் பாத்துக் கேட்டேனோ அவங்க கண்ணுல ஒரு குறையும் இல்லீங்க.

இத எங்க குவாலிட்டி டிபார்ட்மெண்ட் அண்ணன்கிட்ட சொன்னப்ப அவரு டெமிங்னு ஒருத்தரப் பத்திச் சொன்னாரு. அமெரிக்காக்காரரு, 1950ல ஜப்பானுக்குப் போயி அங்க இருக்குற இன்ஜினியருங்களுக்கும் முதலாளிங்களுக்கும் தரத்தப் பத்தி பாடம் எடுத்தவரு. தப்புல பெரும்பகுதி தொழிலாளியோட தப்பு இல்ல, வேலை நடக்குற முறையோட தப்பு, அத சரி பண்ண வேண்டியது நிர்வாகம்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தவராம். பயத்த விரட்டுங்கறதும் அவரு சொன்ன 14 விசயத்துல ஒண்ணு. அவரு பேருல ஜப்பான்ல கொடுக்குற பரிசு 1998ல நம்ம சென்னை பாடியில இருக்குற சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவுக்குக் கிடைச்சிருக்கு, இந்தியாவுல அதுதான் முதல்னு சொன்னாரு. எனக்கு ஆச்சரியமா போச்சு. நம்ம ஊரு ஆளுங்க நம்ம ஊரு பேக்டரியில பண்ணிக் காட்டினது, அத அங்க மெஷின்ல நின்னவங்க வாயால கேட்டு எளிமையான தமிழ்ல எழுதின ஒரு புத்தகம் கிடைக்குமான்னு இங்க புத்தகத் திருவிழாவுல ரெண்டு வருசமா தேடுறேன், என் கையில சிக்கல. கோடீஸ்வரர் ஆவறது எப்படின்னு மட்டும் ஸ்டால் ஸ்டாலா அடுக்கி இருக்கு.

எல்லாமே அப்படியே பலிச்சுருச்சுன்னு சொல்ல மாட்டேனுங்க. அதே கார்னகி புத்தகத்துல சார்லஸ் ஸ்வாப்னு ஒரு இரும்பு கம்பெனித் தலைவரோட கதை இருக்கு. பகல் ஷிப்ட் எத்தனை தடவை இரும்பு உருக்குச்சுன்னு கேட்டு தரையில சாக்பீஸால 6னு எழுதிட்டுப் போவாரு, அதப் பாத்த நைட் ஷிப்ட் ரோசப்பட்டு 7 ஆக்கும், பகல் ஷிப்ட் திரும்ப 10 ஆக்கும். படிச்சதும் எனக்கு உற்சாகம் தாங்கல. எங்க லைனுக்கும் பக்கத்து லைனுக்கும் நடுவுல போர்டு வச்சு மணிக்கு மணி பீஸ் கணக்கு எழுதினேன். மூணு நாள் நம்பர் ஏறுச்சு, மேனேஜர் பாராட்டினாரு. நாலாவது நாள் செக்கிங் டேபிள்ல ஆல்டர் பண்டல் மலையாட்டம் குவிஞ்சு கிடக்குது, அதுங்கள பிரிச்சுத் தைக்கவே ஒரு முழு ஷிப்ட் போயிருச்சு. வேகத்துக்குப் போட்டி வச்சா தையலுக்கு என்ன ஆகும்னு அந்தப் புத்தகத்துல இல்ல, இரும்பு உருக்குறவங்க கதைய நான் பனியனுக்கு அப்படியே எடுத்து மாட்டினது என் தப்பு. போர்ட தூக்கிப் போடல, இப்ப அதுல ஆல்டர் எத்தனைன்னு மட்டும் எழுதுறோம். ஆளுங்க பேரு எழுதறதில்ல.

இந்த மாதிரி எங்க பலிச்சுது எங்க பலிக்கலங்கறத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஒரு ஷிப்ட் மிச்சம் ஆயிருக்கும். அதனாலதான் கேக்குறேன்.

இன்னொரு கதை, கலாம் ஐயா பல மேடையில சொன்னது. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி எஸ்எல்வி-3 ராக்கெட் கடல்ல விழுந்தப்ப அதுக்குப் பொறுப்பா இருந்தது கலாம், ஆனா பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்து பொறுப்ப தலையில ஏத்துக்கிட்டது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருசம் ஜூலை 18 ஜெயிச்சப்ப "நீ போயி பேசு"ன்னு கலாம அனுப்பி வச்சிட்டாரு. எங்க வேலையில பையர், அதாவது எங்க சரக்க வாங்குற கம்பெனி ஆளுங்க ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவாங்க, எல்லாப் பெட்டியையும் பிரிக்க மாட்டாங்க, கணக்குப்படி கொஞ்சம் பீஸ உருவிப் பாப்பாங்க, அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல தப்பு வந்தா மொத்த லாட்டும் ஃபெயிலு. போன தீபாவளிக்கு முன்னாடி எங்க லாட் அப்படி ஃபெயில் ஆச்சு. தப்பு விட்டது வேலைக்குச் சேந்து ரெண்டு மாசமே ஆன ஒரு புள்ளை. மேனேஜர் ரூமுக்கு நான் மட்டும் போனேன், "என் லைன், நான் பாத்திருக்கணும் சார்"னு சொன்னேன், அந்தப் புள்ளை பேர எடுக்கல. நல்லா திட்டு வாங்கினேன். திரும்பி வந்தப்ப லைன்ல யாரும் வீட்டுக்குப் போகாம நின்னுட்டு இருந்தாங்க, ராத்திரி 11 மணி வரைக்கும் எல்லாரும் சேந்து பெட்டிய பிரிச்சு சரி பண்ணாங்க. நான் யாரையும் இருங்கன்னு சொல்லலீங்க.

எங்கப்பா பல்லடம் பக்கம் தறி ஓட்டினவரு, வீட்டுல அவரு வச்சிருந்த ஒரே புத்தகம் எம்.எஸ். உதயமூர்த்தி எழுதின எண்ணங்கள். அட்டையெல்லாம் பிஞ்சு நூல் போட்டுத் தைச்சு வச்சிருந்தாரு. அந்தத் தமிழ் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும். இப்ப வர்ற மொழிபெயர்ப்பு பலதும் அப்படி இல்ல. எங்க லைன்ல பிளஸ்டூ முடிச்ச புள்ளைக்கு ஒண்ணு கொடுத்தேன், ரெண்டு பக்கம் படிச்சுட்டு "அக்கா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்குக்கா"ன்னு திருப்பிக் கொடுத்திருச்சு. அது சோம்பேறிப் புள்ளை இல்லீங்க, வாட்ஸ்அப்ல வர்ற தொடர்கதை ஒண்ணு விடாம படிக்கும். பின்னூட்டம், முன்முனைப்புன்னு வரிக்கு வரி வந்தா அது என்ன பண்ணும்? விலையும் 399, 450னு இருக்கு, ஒரு நாள் கூலியில பெரும்பகுதி அதுக்கே போயிரும். லைப்ரரிக்குப் போலாம்னா நாங்க வேலை விட்டு வர்ற நேரத்துக்கு பூட்டிடறாங்க.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கறது இதுதான். மாசத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு புத்தகம் எடுங்க. அத படிச்சு வேலையில பண்ணிப் பாத்த ரெண்டு மூணு பேர எழுதச் சொல்லுங்க, பெரிய கம்பெனி தலைவருங்க வேண்டாம், ஓட்டல்ல மாஸ்டரா இருக்கறவங்க, ஆஸ்பத்திரியில நர்சுங்களுக்கு இன்சார்ஜா இருக்கறவங்க, மகளிர் குழு நடத்துறவங்க, பஸ் டிப்போவுல இருக்கறவங்க. பலிக்காததையும் கண்டிப்பா எழுதச் சொல்லுங்க. பதிப்பகத்துக்காரங்களும் அதப் படிச்சா எந்த மாதிரி புத்தகத்துக்கு ஆளு காத்திருக்குன்னு தெரிஞ்சுக்குவாங்க.

முதல் மாசத்துக்கு ஆளு கிடைக்கலன்னா அந்த டியூப்லைட் விசயத்த இன்னும் விவரமா நானே எழுதித் தர்றேன், அக்காகிட்டயும் கேட்டுட்டேன், அவங்க பேரு போடாம எழுதுன்னு சொல்லிட்டாங்க. போடறதா இருந்தா ஞாயித்துக்கிழமை பேப்பர்லயே போடுங்க, எங்க லைன்ல எல்லாருக்கும் அன்னைக்குத்தான் லீவு.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்,
திருப்பூர்