ஏழரை சென்டிமீட்டர்

அன்புள்ள செல்வம்,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. முழங்கால் என்ன ஆயிற்று? அதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

போன வாரம் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போனேன். மணிக்கு 285 கிலோமீட்டர். வழியில் அம்மாவிடம் பேசினால் குரல் விட்டுவிட்டு வந்தது. “கிணத்துக்குள்ள இருந்தா பேசுற?” என்றார். சுரங்கப்பாதையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அலையை அனுப்புபவரோ வாங்குபவரோ நகர்ந்தால் அதிர்வெண் மாறும் என்று நாம் மனப்பாடம் செய்தே மார்க் வாங்கிய டாப்ளர் பாடம் அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் கணக்குப் போட்டேன். போனின் அலை 2 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 15 சென்டிமீட்டர். ரயில் நொடிக்கு 79 மீட்டர் ஓடுகிறது. அதிர்வெண் சுமார் 530 ஹெர்ட்ஸ் நகரும். 4ஜியில் தகவலைப் பங்குபோட்டுச் சுமக்கும் சப்கேரியர் என்ற குட்டி அலைகளுக்கு நடுவே 15,000 ஹெர்ட்ஸ் இருக்கிறதே, அதன் முன் இது கொசு. சீராக நகர்ந்தால் போனே திருத்திக்கொள்ளும்.

வம்பு எதிரொலிப்புகளால் வருகிறது. ஊருக்குள் நுழைந்ததும் அதே அலை முன்னாலிருக்கும் கட்டடத்தில் பட்டு ஒன்றாகவும், பின்னாலிருப்பதில் பட்டு இன்னொன்றாகவும் வந்து சேரும். முன்னிருந்து வருவதன் அதிர்வெண் ஏறியிருக்கும், பின்னிருந்து வருவது இறங்கியிருக்கும். இரண்டும் கூடி ஓரிடத்தில் வலுக்கும், பக்கத்திலேயே ஒன்றை ஒன்று அடித்துவிடும். சிக்னல் விழுந்துவிடும் ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் அரை அலைநீளம், அதாவது ஏழரை சென்டிமீட்டர். (ஏழரை என்றதும் நீ சனியைத்தானே நினைப்பாய்! சரிதான்.) ரயில் அதை ஒரு மில்லிசெகண்டுக்குள் தாண்டிவிடுகிறது. அலை வரும் வழி (சேனல்) எப்படி இருக்கிறது என்று போன் அளந்து சொல்லி, டவர் அதற்குத் தகுந்தபடி அனுப்புவதற்குள் அந்தச் செய்தி ஊசிப்போயிருக்கும். வேகத்தைவிட, தெரிந்துகொண்டது இவ்வளவு சீக்கிரம் பழசாவதுதான் தொல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ரயிலின் சொந்த ரேடியோவுக்கு இங்கே வேறு வழி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தை ஒட்டியே ஒரு கேபிள். மேலுறையில் வரிசையாகப் பிளவுகள், அவற்றின் வழியே அலை கசியும். உன் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறாயே, அதே வேலைதான். ரயில் எங்கே இருந்தாலும் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே கேபிள்.

அப்புறம் ஒன்று. 1845இல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்பவர் டாப்ளர் சொன்னது சரியா என்று பார்க்க, ஊதுகொம்புக்காரர்களை ரயிலில் ஏற்றி ஊதவிட்டார். சுருதி பிடிபடும் காதுள்ளவர்கள் பாதையோரம் நின்று கேட்டார்கள். நம் லேப் இப்படி இருந்திருந்தால் நான் ஒரு நாளும் கட் அடித்திருக்க மாட்டேன்.

ஒசாகா பிளாட்பாரத்தில் இறங்கி நின்று அம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன். அரை மணி நேரம் தேங்காய் விலையைப் பற்றியே பேசினார்.

முழங்காலைப் பற்றி எழுது.

அன்புடன்,
ரவி