நாமினி வேறு, வாரிசு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் மலேசிய ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) பற்றி வந்த கட்டுரை நம் மக்களுக்கு மிகவும் தேவையானது. ஆனால் நாமினி என்று வரவேண்டிய இடமெல்லாம் வாரிசு என்றே அச்சாகியிருந்தது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் துக்க வீடு முடிந்த கையோடு கிளம்பும் பணத் தகராறுகளில் பாதி, இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. மலாய்ப் படிவங்களில் வாரிஸ் என்று ஒரு சொல் வரும். அதுவும் நம் வாரிசும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். ஆனால் மருத்துவமனைப் படிவத்தில் வாரிஸ் என்று கேட்பது நெருங்கிய உறவினர் பெயரைத்தான், சொத்துக்கு உரியவரை அல்ல. சேமநிதிப் படிவத்தில் இருப்பதோ பெனாமா, அதாவது நாமினி. அதைப் பினாமி என்று படித்துவிட்டுப் பயப்படுகிறவர்களும் உண்டு.

ஆங்கிலத்தில் நாமினி என்றால் பெயர் குறிக்கப்பட்டவர், அவ்வளவுதான். தேர்தலுக்கோ விருதுக்கோ முன்மொழியப்பட்டவரும் நாமினி. இன்னொருவருக்காகத் தன் பெயரில் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவரும் நாமினிதான். பணம் அவருக்கே சொந்தமா, வாங்கிப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா என்பதை அந்தச் சொல் சொல்லாது. எந்தப் படிவம், எந்தச் சட்டம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சேமநிதியில் முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் நாமினிக்கு அந்தப் பணம் சொந்தம். படிவத்தில் எழுதிய விழுக்காட்டின்படி அவர் கைக்கே போகும். பிறகு உயில் எழுதினாலும் அந்த நியமனம் ரத்தாகாது. கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரைக் கொடுத்தவர், கல்யாணத்துக்குப் பின் மாற்றாமல் விட்டால் முழுப் பணமும் தாயாருக்கே. மனைவி பிள்ளைகள் சேமநிதி அலுவலகத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை. விவாகரத்து ஆனாலும் பழைய பெயர் தானாக விழாது, புதுப் படிவம் கொடுக்க வேண்டும். ஒரே நாமினி, அவரும் உறுப்பினருக்கு முன்பே இறந்துவிட்டார் என்றால் அந்த நியமனம் செல்லாது. உறுப்பினர் முஸ்லிம் என்றால் கதையே வேறு. அவருடைய நாமினி பணத்தை வாங்கி ஃபராயிட் என்னும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கின்றன, கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அதிகம் பேர் இடறுவது ஆயுள் காப்புறுதியில். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் தம் பாலிசிக்கு மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டால் அது அறக்கட்டளையாகிவிடும் (டிரஸ்ட், அதாவது நாமினிக்காகவே ஒதுக்கிய பணம்). பணம் நாமினிக்குச் சொந்தம், இறந்தவரின் கடன்காரர்கள் தொட முடியாது. பெயர் போடும் நேரத்தில் துணையும் பிள்ளையும் இல்லாதவர் தாய் தந்தையைப் போட்டாலும் இதே சலுகை உண்டு. வேறு யாரைப் போட்டாலும் நாமினி வெறும் பொறுப்பாளர்தான். 80,000 வெள்ளி (ரிங்கிட்) பாலிசிக்கு ஒருவர் தம்பியை நாமினியாகப் போட்டுவிட்டு உயில் எழுதாமல் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் இருக்கிறார்கள். காசோலை தம்பி கையில்தான் வரும். ஆனால் கடன் போக மிஞ்சுவதை அவர் 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரிக்க வேண்டும். கடனே இல்லையென்றால் மனைவிக்குக் கால் பங்கு 20,000, பிள்ளைகளுக்குப் பாதி, அதாவது தலைக்கு 20,000, தாயாருக்குக் கால் பங்கு 20,000. தம்பிக்கு ஒரு காசு கிடையாது. "அண்ணன் என் பேரைத்தானே போட்டார்" என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை.

வக்கீல் கடிதத்தில் இந்தப் பணம் இறந்தவரின் எஸ்டேட்டில் சேரும் என்று எழுதியிருக்கும். நம் ஊரில் எஸ்டேட் என்றால் ரப்பரும் செம்பனையும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கடிதத்திலோ அவர் விட்டுப்போன சொத்து அத்தனையும் என்று பொருள். இதையும் ஒருமுறை விளக்கி எழுதுங்கள்.

சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழைத்திருப்போர் ஓய்வூதியத்துக்கு நாமினி போடும் வேலையே இல்லை. யாருக்கு எவ்வளவு என்று சட்டமே சொல்கிறது, துணைக்கும் பிள்ளைகளுக்கும்தான் முதலிடம்.

படிவம் எழுதுகிறவர்களுக்கு: பெயரை மைகார்டு என்னும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் உதவாது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, மைகார்டில் வேறு எழுத்து என்றிருப்பது தோட்டத்துப் பழைய ஆட்களிடம் சகஜம். 12 இலக்க எண்ணையும் பார்த்து எழுத வேண்டும், பணம் கேட்டுப் போகும்போது இங்கேதான் சிக்கும். சேமநிதிப் படிவத்தின் சாட்சி 18 வயது நிரம்பியவராகவும், நாமினியாக இல்லாதவராகவும் இருக்க வேண்டும். மனைவியை நாமினியாக எழுதிவிட்டு அவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பலருக்கு விழுக்காடு பிரித்தால் கூட்டுத்தொகை சரியாக 100 வரவேண்டும். தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசித் திருத்தாமல் புதுப் படிவம் எடுங்கள். காப்புறுதியில் இன்னொன்று: அறக்கட்டளையாகிவிட்ட பாலிசியின் நாமினியை அந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர் (டிரஸ்டி) எழுத்தில் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. தனியாகப் பொறுப்பாளரை நியமிக்கவில்லை என்றால் வயது வந்த நாமினியே பொறுப்பாளர். மனைவி பெயரை எடுக்க மனைவியின் கையெழுத்தே வேண்டும் என்பதை, பெயரைப் போடும்போதே முகவர் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இனி நாமினியை நாமினி என்றே அச்சிடுங்கள். தமிழில்தான் வேண்டும் என்றால் பெயர் குறிக்கப்பட்டவர் என்று போடலாம். வாரிசு என்ற சொல்லைச் சட்டப்படி பங்கு உள்ளவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறே இந்தத் திருத்தம் வந்தால், அந்தக் கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் இதையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்