அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற மாத இதழில், அற்புதம் பெற்றவர்கள் எழுதுகிற சாட்சிப் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி இரண்டு வரி போட்டிருந்தீர்கள். "விசுவாசித்தவர்கள் பெற்றுக்கொண்டார்கள். நீங்கள் இன்னும் பெறவில்லையா? உங்கள் விசுவாசத்தைச் சோதித்துப் பாருங்கள்." எழுதியவர் பெயர் இல்லை. பக்கத்தில் இடம் மிஞ்சியிருக்கும், எதையாவது போட்டு நிரப்புங்கள் என்று யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள், பத்திரிகை என்றால் இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியாமல் நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் கணையப் புற்றுநோயில் இறந்துபோனார். கடைசி மாதத்தில் ஜெபிக்க என்று மூன்று பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். நாங்கள் கூப்பிடவில்லை, யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நல்ல மனதோடுதான் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஜெபம் முடிந்ததும் அவர்களில் மூத்தவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "பிரதர், உங்கள் மனதில் எங்கேயாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பதில் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று இவர் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, "இல்லை ஐயா, நம்புகிறேன்" என்றார். "முழு மனதோடா?" இவர் கொஞ்சம் யோசித்தார். எதையும் யோசிக்காமல் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, முப்பது வருடம் கணக்கு வாத்தியார். "அந்த இடத்தில்தான் சத்துரு நுழைகிறான்" என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மொத்தம் பத்து நிமிடம் இருந்திருப்பார்கள்.

அதற்கப்புறம் அவர் வலியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். நான் அதை மனத்தேறுதல் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு அவருடைய வேதாகமத்தில் எபிரெயர் நிருபத்தின் நடுவில் மடித்து வைத்த ஒரு தாள் கிடைத்தது. கணக்கு வாத்தியார் இல்லையா, வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்பில் பக்கத்துப் பையனின் பென்சிலை எடுத்தது. தம்பியோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தது. ஒரு மாணவனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியது. இப்படிப் பதினாறு. கடைசி வரி, "ஜெபிக்கும்போது தூக்கம் வருகிறது." அது மார்ஃபின், ஆசிரியரே. வலிக்குக் கொடுத்த மருந்தில் கண் சொருகியதைக்கூட மனிதர் தன் விசுவாசக் குறைவென்று கணக்கில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சோதித்துப் பாருங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அவர் பார்த்தார். பென்சில் வரைக்கும் போய்ப் பார்த்தார்.

உங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதியில்லை, நீங்கள் படித்த இறையியலுக்கு முன் என் ஞாயிறு பள்ளி எம்மாத்திரம். இருந்தாலும் பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் கிடந்த மனிதனிடம் யார் விசுவாசத்தைச் சோதித்தது? தன்னைக் குணமாக்கினவர் யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை, பிறகு கேட்டவர்களிடம் பெயர் சொல்லத் தெரியாமல் விழித்தான். கூரையைப் பிரித்து நான்கு பேர் இறக்கினார்களே ஒரு திமிர்வாதக்காரனை, அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்றுதான் இருக்கிறது. இயேசு உயிரோடு எழுப்பின லாசருவோ செத்து நாலு நாள் ஆனவன், அவனிடம் போய் எதைச் சோதிப்பது? நீங்கள் இயேசுவின் சொந்த ஊரான நாசரேத்தைக் காட்டுவீர்கள், அங்கே ஜனங்களின் அவிசுவாசத்தினால் அவர் அதிகம் அற்புதம் செய்யவில்லை என்று. சரி, மாற்கு 6-ஐ எடுங்கள். அங்கே விசுவாசிக்காதவர்கள் என்பது அவரைக் குறித்து இடறினவர்கள், இவன் தச்சன் அல்லவா என்று பேசின ஊர்க்காரர்கள். அதே இடத்திலேயே சில நோயாளிகள்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்றும் இருக்கிறது, உங்கள் ஆட்கள் அந்தப் பாதியை மட்டும் வாசிப்பதேயில்லை.

பவுல் தன் சரீரத்தை வருத்தின முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். அவர் காலத்தில் உங்கள் இதழ் இருந்திருந்தால் மூன்று பேருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருப்பீர்களோ? அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டான், பேதுருவைத் தேவதூதன் தட்டியெழுப்பிச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். ஒரே அதிகாரம், ஒரே சபை. யாக்கோபுக்காக ஜெபித்தவர்கள் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா எழுதவில்லை. ஏன் என்று ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த மௌனம் பிடிக்கும்.

இதையெல்லாம் எழுதுவதால் எனக்கு அற்புதங்களில் நம்பிக்கையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் குறைப்பிரசவத்தில் பிறந்தாள், இரவு தாண்டாது என்றார்கள், தாண்டினாள். அதை நான் சாட்சியாக எழுதி உங்கள் இதழுக்கே அனுப்பினேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது, அப்போது ஆசிரியர் நீங்கள்தான். நான் எழுதியது இது: "அன்றிரவு எனக்கு ஜெபிக்கவே வாய் வரவில்லை, பயத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்." நீங்கள் அச்சிட்டது இது: "அன்றிரவு முழுவதும் விசுவாசத்தோடு விடாமல் ஜெபித்தேன்." நான் சொல்ல வந்ததே அந்த ஒரு விஷயத்தைத்தான். என்னிடம் ஒன்றுமே இல்லாதபோது கிடைத்தது என்றுதான் எழுதினேன், அதை என் சாமர்த்தியமாக மாற்றிவிட்டீர்கள். கேட்டு எழுதினேன், இடம் கருதிச் சுருக்கப்பட்டது என்று பதில் வந்தது. எண்ணிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் சுருங்கவில்லை. சபையில் நாலு பேர் வந்து "உங்கள் விசுவாசம் பெரியது அக்கா" என்றபோது மறுக்கத் துணிவில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு துளி விசுவாசமும் இல்லாத இரவில் மகள் கிடைத்தாள், பென்சில் வரைக்கும் தேடின மனிதர் போய்விட்டார். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது. உங்கள் கட்டத்துக்குள் இது எப்படி அடங்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த "மருத்துவர்கள் கைவிட்டார்கள்". உங்கள் சாட்சிகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. என் மகளை மருத்துவர்கள் கைவிடவில்லை. இன்குபேட்டர் பக்கத்தில் ஒரு நர்ஸ் விடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள், அந்த வரியையும் வெட்டிவிட்டீர்கள். பிரான்சில் மாதா காட்சி தந்ததாகச் சொல்கிற லூர்து நகரைப் பற்றி ஒருமுறை நாலு பக்கம் போட்டீர்கள், நான் கத்தோலிக்கப் பெண் அல்ல, ஆனாலும் ஆசையாகப் படித்தேன். அங்கே 1883-லிருந்து மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று இருக்கிறது, குணமானேன் என்று வருகிறவர்களைப் பரிசோதிக்கிறார்கள், நோய் கடுமையானதா, குணம் சட்டென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, சிகிச்சையால் வந்ததா என்று வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, 1858-இல் காட்சி கண்டதாகச் சொல்லப்பட்டதிலிருந்து 2018 வரை திருச்சபை அற்புதம் என்று அறிவித்தது 70 தான். நீங்கள் ஒரு இதழில் 12 அறிவிக்கிறீர்கள். அது போகட்டும். அந்தக் காட்சியைக் கண்ட பெர்னதெத் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமாக்காரி, கடைசியில் காசநோயில் 35 வயதில் இறந்துபோனாள். நாலு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. அவளுடைய விசுவாசத்தையும் சோதித்துப் பார்க்கச் சொல்லலாமே.

வார்த்தையைப் பற்றியும் எனக்கு ஒரு ஆதங்கம். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் விசுவாசம் என்கிறோம், கத்தோலிக்கர் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்றிருக்கிறது. நடக்கும் என்று நினைப்பதும் நம்பிக்கைதான், ஒருவரை நம்பி அவரோடு இருப்பதும் நம்பிக்கைதான். ஆனால் சாதாரணமாக வீட்டில் நாம் விசுவாசம் என்று எதைச் சொல்கிறோம்? கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் விட்டுப் போகாத குணத்தை. கிரேக்க மூலச் சொல்லுக்கும் இந்த இரண்டாவது பொருள் உண்டு என்று உங்கள் இதழிலேயே ஒருவர் எழுதியிருந்தார், நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், தேவன் எங்களை "விடுவிக்காமற்போனாலும்" என்றார்களே, அவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் பட்டியலில் சேர்ப்பீர்களா? யோவான் சுவிசேஷத்தில் நாம் அற்புதம் என்று வாசிக்கிற இடத்தைப் பொது மொழிபெயர்ப்பில் அரும் அடையாளம் என்று போட்டிருக்கிறார்கள். அடையாளப் பலகை வழியைக் காட்டத்தான் இருக்கிறது, பலகை வராத வீட்டுக்காரனைக் குற்றவாளியாக்க அல்ல.

இன்னும் நிறைய இருக்கிறது. அந்தச் சாட்சிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஜெப உதவிக்கு வங்கிக் கணக்கு எண் போட்டு வருகிற விளம்பரம், அதற்கு மேலேயே "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற வசனம். வேண்டுமென்றே செய்தீர்களா, கவனக்குறைவா என்று தெரியாமல் சிரித்தேன். இப்போது அதற்குள் போக விருப்பமில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கட்டத்தை இனிமேல் போடாதீர்கள். வருத்தம் தெரிவிக்க வேண்டாம், தெரிவிக்க மாட்டீர்கள் என்றும் தெரியும். இடம் மிஞ்சினால் காலியாக விடுங்கள், இல்லையென்றால் மாற்கு 9:24 போடுங்கள், பிள்ளைக்காக அழுத தகப்பன் சொன்னது, "விசுவாசிக்கிறேன், ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, கட்டத்துக்குள் நன்றாகவே அடங்கும்.

இன்னொன்று. இதழின் மேலுறையில் இன்னும் என் கணவர் பெயர்தான் வருகிறது. மாற்றச் சொல்லி இரண்டு கடிதமும் ஒரு மின்னஞ்சலும் அனுப்பியாகிவிட்டது. சென்ற மாதமும் அவர் பெயருக்குத்தான் வந்தது. சந்தாவை நிறுத்த வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். சந்தா எண்ணைக் கடித உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அச்சிடுவதாக இருந்தால் தயவுசெய்து சுருக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகி