பம்பை அடிப்பவருக்கு அருள் வரக்கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' என்ற பாலே நடன இசையின் ஒலிப்பதிவுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சு இசை நடத்துநர் பியர் பூலெஸ் 1969இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துச் செய்த பதிவில் உயிரே இல்லை, கணக்குப் பார்த்து வாசித்திருக்கிறார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு வந்து பம்பை அடிப்பவரைப் பாருங்கள். சுற்றி நிற்பவர்கள் அருள் வந்து ஆடிக்கொண்டிருப்பார்கள், அவர் மட்டும் வெற்றிலையை மென்றபடி, சும்மா உட்கார்ந்திருப்பவர் முகத்தோடு, ஓர் அடி பிசகாமல் அடித்துக்கொண்டே இருப்பார். அவருக்கும் அருள் வந்துவிட்டால் அப்புறம் ஆட்டமே நின்றுபோகும். ஸ்ட்ராவின்ஸ்கியின் கதையிலும் ஒரு பெண் பலியாக ஆடி ஆடியே சாகிறாள். 1913இல் பாரிஸில் முதல் தடவை மேடையேறியபோது அரங்கமே ரகளையானது என்று எல்லோரும் எழுதி எழுதி, இதை வெறி பிடித்து வாசித்தால்தான் சரி என்று ஆக்கிவிட்டோமோ என்னவோ.

ஆரம்பத்திலேயே தந்தி வாத்தியங்கள் ஒரே கூட்டொலியைத் திரும்பத் திரும்ப இடிக்கிற இடம் வரும், நாம் எதிர்பார்க்காத அடிகளில் ஹார்ன் என்கிற பித்தளை ஊதுகுழல்கள் எட்டு சேர்ந்து அழுத்தும். பல பதிவுகளில் அது மொத்தமாக ஓர் இரைச்சல். பூலெஸிடம் தந்தி தனி, ஹார்ன் தனி, அதனால்தான் அந்த அழுத்தம் முதுகில் விழுகிற மாதிரி இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் பெண்ணைத் தேர்ந்தெடுத்ததும் 11 அடி விழுமே, அதையும் எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூட முந்தாது.

இன்னொன்று. முதல் பாகம் முடிவதற்குச் சற்று முன் முதியவர் பூமியை முத்தமிடுவார். சில நொடிதான், இசை ஏறக்குறைய மூச்சை அடக்கிக்கொள்ளும். மாங்காய் சீசனில் எங்கள் தெருவில் ராத்திரியெல்லாம் லாரி போகும், ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. கட்டுரையாளர் எதில் கேட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். போன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாப் பதிவும் ஒன்றுதான்.

சரி, ஓர் இடத்தில் அவர் சொல்வது உண்மை. கடைசி பலி நடனத்தில் பூலெஸ் கொஞ்சம் அதிகமாகவே நிதானமாக இருக்கிறார். ஏறத்தாழ ஒவ்வொரு தாள அளவுக்கும் கணக்கு மாறிக்கொண்டே போகிற அந்த இடத்தில், வாசிப்பவர்கள் எங்கே தடுமாறிவிடுவார்களோ என்று நமக்குக் கொஞ்சம் பயம் வர வேண்டும். அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் நான் அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டைன் நியூயார்க்கில் செய்த 1958 பதிவுக்குப் போய்விடுவேன்.

— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்