பயிருக்கு மேலே பத்தடி
ஆசிரியர் அவர்களுக்கு,

1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி மரத்தோப்பு ஒன்றின்மீது விமானத்திலிருந்து பூச்சிமருந்துத் தூளைத் தூவியதில் தொடங்கியது, பயிர்களுக்கு விமானத்தில் பறந்து மருந்து தெளிக்கும் தொழில். இன்றும் அந்நாட்டில் இவ்விமானிகள் பயிருக்கு ஏறத்தாழப் பத்தடி மேலே, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தையொட்டிப் பறந்து, வயலின் விளிம்பில் சட்டென மேலெழும்பித் திரும்புகிறார்கள். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைப் பார்த்தே அது ஓடும் திசையை ஊகிக்க வேண்டும். அதைவிடக் கொடியது, காற்றின் வேகத்தை அளப்பதற்காக நடப்படும் ஒல்லியான சாம்பல்நிறக் கோபுரம். 200 அடிக்குக் குறைவானது என்பதால் அதற்கு எச்சரிக்கை வண்ணம் நெடுங்காலம் கட்டாயமாக்கப்படவில்லை. அதில் மோதி விமானிகள் இறந்திருக்கிறார்கள். ஓர் உயிருக்கு முன் வண்ணப்பூச்சின் செலவு எம்மாத்திரம்? இவர்களைப் பற்றித் தாங்கள் விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
கோவை