லேவியராகமத்தில் நின்றுபோகும் வாசிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

புத்தாண்டு ஆராதனையில் வேதாகமத்தை ஓராண்டில் வாசித்து முடிப்பதாகத் தீர்மானிக்கும் பலர், ஜனவரிக் கடைசியில் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு 3, ஞாயிறன்று 5 என்றால் ஓராண்டு போதும். ஆனால் வேலை நெருக்கி நான்கு நாள் தவறினால் 12 அதிகாரம் பாக்கி. அந்தக் கடன்தான் மனதைச் சோர்வாக்குகிறது. தவறியதை விட்டுவிட்டு அன்றைய பகுதியை வாசியுங்கள்.

அதுவும் முடியாத வீடுகளுக்கு வேதாகமப் பாடலான 119-ஆம் சங்கீதம் நல்லது: எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள். நாளுக்கு ஒன்று, சோறு வேகும் நேரம்கூட ஆகாது. கைப்பேசி வேண்டாம்; ஒரு வாட்ஸ்அப் செய்தி ஜெபத்தையே கலைத்துவிடும். சபைகளும் ஜனவரியில் அட்டவணை கொடுப்பதோடு விடாமல், பிப்ரவரியில் வீடுவீடாக விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்